சிவனொளிபாதமலையின் நுனியில் சூரியன் எழும் நாள்: கொழும்பில் யாருக்கு எப்போது?

பதினோராம்மாடி
18 ஜனவரி 2026, இரவு 9.10

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு தொடர்மாடியின் பதினோராம் மாடியில் குடியிருக்கிறேன். குடிவந்து மூன்று வருடமாகியும் கிழக்குப் பக்கப் பல்கனியை உடுப்புக் காயவிடுவதற்கு மட்டுமே பயன்படுத்தி வந்தேன். நேற்றிரவு நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. இன்று காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின்னர் கொடியில் கிடந்த சாரத்தை எடுக்கப் போனபோது, கிருலப்பனைப் பக்கத்துக் கட்டடங்களுக்கு மேலே வானம் செம்மஞ்சளாக இருக்க, அதில் கறுப்புக் கடதாசியை வெட்டி ஒட்டியது போலச் சிவனொளிபாதமலை நின்றது. சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன்.

சூரியன் மலைக்கு வலப்பக்கமாக வந்தது. கையை நீட்டி முட்டியை மடக்கி அளந்து பார்த்தேன். மலைக்கும் சூரியனுக்கும் இடையில் ஒன்றரை முட்டி அகலம் இருந்தது. இது நாளுக்கு நாள் நெருங்கி ஒரு நாள் மலையின் நுனிக்கு நேர் பின்னால் எழ வேண்டும் அல்லவா? வேலைத்தலத்தில் ஒருவர் அந்த நாள் பெப்ரவரி 23 என்று உறுதியாகச் சொல்கிறார். கைபேசியிலுள்ள செயலி ஒன்று மார்ச் மாதத்தைக் காட்டுகிறது. இரண்டில் எதை நம்புவது? கணக்குத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.


வில்லைக்காரி
18 ஜனவரி, இரவு 10.25

நேரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர், மலை தெரிந்ததே பெரிய விடயம் என்பதைச் சொல்ல வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரையான மாதங்களில், இரவில் மழை பெய்து காற்றைக் கழுவிவிட்ட காலைகளில்தான் கொழும்பிலிருந்து மலை இவ்வளவு தெளிவாகத் தெரியும். சூரியன் கொஞ்சம் உயர்ந்ததும் புகார் அதை விழுங்கிவிடும்.

சென்ற வருடம் நானும் இந்த நாளைப் பிடிக்க முயன்று ஏமாந்தேன். கொள்ளுப்பிட்டியில் உறவினர் வீட்டுப் பல்கனியில் நின்று, கைபேசியின் திசைகாட்டியால் மலையின் திசையை அளந்து, அதற்குரிய நாளைக் கணித்து, முக்காலியும் நீண்ட வில்லையுமாக விடியற்காலை போய் நின்றேன். சூரியன் மலைக்கு வலப்பக்கம் ஏறக்குறைய நான்கு பாகை தள்ளி எழுந்தது. பல்கனியின் இரும்புக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்துத் திசைகாட்டியைப் பார்த்திருக்கிறேன் என்பது பிறகுதான் விளங்கியது. பத்து நாள் முந்திப் போயிருந்தேன்.


ஓய்வுக்கணிதம்
19 ஜனவரி, காலை 5.50

தம்பி, உங்கள் வேலைத்தல நண்பர் பொய் சொல்லவில்லை. பெப்ரவரி 23 காலிமுகத்திடலின் நாள். வெள்ளவத்தைக்கு நாள் வேறு, கொட்டாஞ்சேனையில் இருக்கும் எனக்கு வேறு. சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் நாம் எங்கே நின்றாலும் அது ஏறக்குறைய ஒரே திசையில்தான் எழும். ஆனால் மலை எழுபது கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதால், நாம் வடக்கே போனால் அது வலப்பக்கம் நகர்ந்தது போலவும் தெற்கே போனால் இடப்பக்கம் நகர்ந்தது போலவும் தெரியும். ஆகவே 'எந்த நாள்' என்ற கேள்வியோடு 'எங்கே நின்று' என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை வரும்.

வெள்ளவத்தைக்குக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். சாதாரண தரத்தில் படித்த திசைகோளும் ஏற்றக்கோணமும் போதும். மலையின் உச்சி வடக்கு அகலக்கோடு 6.81, கிழக்கு நெடுங்கோடு 80.50 என்ற இடத்தில் இருக்கிறது. உங்கள் வீடு 6.875, 79.86 என்று வைத்துக்கொள்கிறேன். அகலக்கோட்டு வித்தியாசம் 0.065 பாகை, ஒரு பாகைக்கு 110.6 கி.மீ. வீதம் அது 7.2 கி.மீ. ஆகும். நெடுங்கோட்டு வித்தியாசத்தை அவ்வாறே மாற்றினால் 70.7 கி.மீ. வரும். அதாவது உங்கள் வீட்டிலிருந்து மலை கிழக்கே 70.7 கி.மீ., தெற்கே 7.2 கி.மீ. தள்ளி நிற்கிறது. இரண்டையும் வகுத்துத் தான்சன் பார்த்தால் 5.8 பாகை கிடைக்கும். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் நேர்கிழக்கு 90 பாகை; ஆகவே மலையின் திசைகோள் 95.8 பாகை, நேர்த் தூரம் ஏறக்குறைய 71 கி.மீ.

அடுத்தது உயரம். மலை 2243 மீட்டர். 71 கி.மீ. தூரத்தில் பூமியின் வளைவு அதன் அடிப்பாகத்தில் ஏறக்குறைய 400 மீட்டரை மறைத்துவிடும். வளிமண்டலத்தின் ஒளிமுறிவு அதில் 50 மீட்டரளவைத் திருப்பித் தூக்கிக் காட்டும். உங்கள் மாடியின் உயரத்தையும் கழித்துவிட்டால், உங்கள் கண்ணுக்கு மேலே நிற்பது 1860 மீட்டரளவு மலை. 71 கி.மீ. தூரத்தில் அதன் ஏற்றக்கோணம் 1.5 பாகை.

இப்போது சூரியன் 95.8 பாகைத் திசையில் 1.5 பாகை உயரத்தில் நிற்கும் நாளைத் தேட வேண்டும். அதற்குச் சூரியனின் சாய்வு, அதாவது அது நடுக்கோட்டுக்கு எத்தனை பாகை தெற்கே நிற்கிறது என்பது, 5.6 ஆக இருக்க வேண்டும். இவ்வருடம் மார்ச் 6 காலையில் அது 5.75, மறுநாள் காலையில் 5.36. ஆகவே உங்கள் நாள் மார்ச் 6. அன்று சூரியனின் மையம் நுனிக்கு மிகச் சற்று வலப்பக்கம் இருக்கும். மறுநாளும் நுனி வட்டத்துக்குள்தான் விழும், ஆனால் சூரியன் இடப்பக்கம் தள்ளியிருக்கும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் அன்று சூரிய உதயம் காலை 6.21 என்றிருந்தாலும், 1.5 பாகை ஏறி நுனிக்கு வர ஏழெட்டு நிமிடம் எடுக்கும். 6.29 என்று எழுதி வையுங்கள்.


பதினோராம்மாடி
19 ஜனவரி, காலை 8.15

மிக்க நன்றி சேர். பேருந்தில் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன். ஒரு சந்தேகம். சூரியன் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நகர்கிறது? ஒரு நாள் மலைக்கு வலப்பக்கமும் மறுநாள் இடப்பக்கமுமாகத் தாண்டிப் போய், நடுவில் ஒருபோதும் நுனியைத் தொடாமலே விட்டுவிடும் இடங்களும் இருக்கக்கூடும் அல்லவா?


ஓய்வுக்கணிதம்
19 ஜனவரி, பிற்பகல் 2.30

நல்ல கேள்வி. மார்ச் தொடக்கத்தில் உதயப் புள்ளி நாளுக்கு 0.39 பாகை வடக்கே நகர்கிறது. சூரிய வட்டத்தின் அகலம் 0.53 பாகை. நாள் ஒன்றுக்கு எடுத்துவைக்கும் அடி வட்டத்தின் அகலத்தை விடச் சிறியதாக இருப்பதால், எந்த இடமும் விடுபடாது. ஒரு நாளாவது மலையின் நுனி வட்டத்துக்குள் விழுந்தே தீரும், சில இடங்களில் அடுத்தடுத்து இரண்டு நாள் விழும். சூரியன் மிக விரைவாக நகரும் மார்ச், செப்டெம்பர் மாதங்களிலேயே இப்படியென்றால் மற்ற மாதங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அந்த 0.39 பாகையை 71 கி.மீ. தூரத்துக்கு நிலத்தில் அளந்தால் 480 மீட்டர் வருகிறது. இதை வைத்துக்கொண்டு கரையோரத்தை ஒருமுறை மனத்தால் பயணம் செய்து பாருங்கள். மட்டக்குளிக்கு பெப்ரவரி 11, 12. கொச்சிக்கடைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் 18ஐ ஒட்டி. காலிமுகத்திடலுக்கு 23. பம்பலப்பிட்டிக்கு மார்ச் 1, 2. வெள்ளவத்தைக்கு, எந்த ஒழுங்கை என்பதைப் பொறுத்து, 5 முதல் 7 வரை. தெகிவளைச் சந்திக்கு 11, 12. கல்கிசைக்கு 14, 15. சமஇராப்பகல் நாளான மார்ச் 20, 21 அளவில் இரத்மலானையின் தென்பகுதிக்கு வரும், ஏனென்றால் அங்கே மலை நேர்கிழக்கில் நிற்கிறது. அதற்கும் கீழே போனால் பாணந்துறைக்கு ஏப்ரல் 14; அங்குள்ளவர்களுக்குப் புத்தாண்டுக் காலையில் சூரியன் மலை நுனியில் எழுகிறது. ஏப்ரல் மாதத்துப் புகாரில் அதைக் கண்டவர் எவரேனும் உண்டா என்பது வேறு விடயம்.

வடக்கே எல்லையும் உண்டு. டிசெம்பர் 21, 22இல் சூரியன் தெற்கே போகக்கூடிய கடைசிப் புள்ளிக்குப் போகும்போது அதற்குரிய இடம் ஏறக்குறைய ஜா-எல. அதற்கு வடக்கே, நீர்கொழும்பில் இருப்பவர்களுக்கு, சூரியன் ஒருபோதும் இந்த மலைக்குப் பின்னால் எழாது.


ஜப்பான்_திரும்பியவர்
20 ஜனவரி, இரவு 11.05

பத்து வருடம் ஜப்பானில் வேலை செய்தவன் என்பதால் எழுதுகிறேன். அங்கே இதற்கென்று தனிப் பெயரே உண்டு. ஃபூஜி மலையின் உச்சியில் சூரியன் வந்து உட்காரும் கணத்தை 'டயமண்ட் ஃபூஜி' என்பார்கள். முழுநிலா வந்து உட்கார்ந்தால் 'பேர்ள் ஃபூஜி'. யமனாக்கா ஏரிக்கரையில் ஒக்டோபர் நடுப்பகுதி முதல் பெப்ரவரி இறுதி வரை, கரை நெடுகிலும் நாளுக்கொரு இடமாக மாலைச் சூரியன் உச்சியில் இறங்கும். தோக்கியோவுக்கு மேற்கே தக்காவோ மலையில் டிசெம்பர் 21, 22ஐ ஒட்டிய மாலைகளில் தெரியும். எந்த இடத்துக்கு எந்த நாள் என்று அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு முக்காலிகளோடு கூட்டம் கூட்டமாக வந்து நிற்பார்கள்.

அங்கே படம் எடுக்கும் நண்பர் ஒருவர் உயரத்தைப் பற்றி மிகவும் கண்டிப்பாக இருப்பார். மலையின் ஏற்றக்கோணத்தைச் சரியாகப் போடாவிட்டால் நாள் தவறிவிடும் என்பார். இங்கே 'கண்ணுக்கு மேலே 1860 மீட்டரளவு' என்று சேர் சுலபமாகக் கடந்துபோவது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஒளிமுறிவு நாளுக்கு நாள் மாறும் அல்லவா?


ஓய்வுக்கணிதம்
21 ஜனவரி, காலை 6.20

உங்கள் ஜப்பானிய நண்பர் சொன்னது ஜப்பானுக்கு முற்றிலும் சரி. ஃபூஜி 35 பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. அங்கே மார்ச், செப்டெம்பர் அளவில் சூரியன் ஒரு பாகை ஏறினால் பக்கவாட்டில் 0.7 பாகை நகரும். ஏற்றக்கோணத்தில் ஒரு பாகை பிழைத்தால் ஒன்றரை நாளளவு பிழைத்துவிடும். நாம் இருப்பதோ ஏழு பாகையில். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகவே எழுகிறது. ஒரு பாகை ஏறும்போது பக்கவாட்டில் வெறும் 0.12 பாகைதான் தெற்கே சாய்கிறது. ஒளிமுறிவு இந்த உயரத்தில் ஏறக்குறைய 20 கலை (ஒரு கலை பாகையின் அறுபதில் ஒரு பங்கு). குளிரிலும் வெப்பத்திலும் அது இரண்டு கலை கூடிக் குறைந்தாலும் நமக்கு நேரத்தில் எட்டு விநாடி வித்தியாசம் வருமே தவிர நாள் மாறாது. உயரத்தை முற்றாக மறந்துவிட்டு, தொடுவானத்தில் சூரியன் எழும் திசையை மட்டும் வைத்துக் கணித்தால்கூட அரை நாள்தான் பிழைக்கும். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பிறந்ததால் நமக்குக் கிடைத்த சலுகை இது.

சலுகை கிடைக்காத இடம் ஒன்று உண்டு. அதுதான் நீங்கள் நிற்கும் இடத்தின் வடக்கு-தெற்கு அளவு. கிழக்கு-மேற்கில் 100 மீட்டர் பிழைத்தால் ஒன்றும் ஆகாது. வடக்கு-தெற்கில் 100 மீட்டர் பிழைத்தால் ஐந்தில் ஒரு நாள் போய்விடும். ஆகவே வரைபடத்தில் உங்கள் கூரையின் மேலேயே புள்ளியை வையுங்கள். 'வெள்ளவத்தை' என்று தேடி வரும் பொதுப் புள்ளியை எடுக்காதீர்கள். திசைகாட்டியை எடுக்கவே வேண்டாம். ஒரு பாகை பிழை இரண்டரை நாளைத் தின்றுவிடும் என்பது வில்லைக்காரிப் பிள்ளையின் அனுபவத்திலிருந்தே தெரிகிறது. நான்கு பாகைக்குப் பத்து நாள், கணக்கு அச்சொட்டாக ஒத்துப்போகிறது.

வருடத்துக்கு வருடமும் சிறு வித்தியாசம் உண்டு. வருடம் என்பது 365 நாளும் ஏறக்குறைய கால் நாளும் ஆகையால், அதே திகதியில் சூரியனின் இடம் ஒவ்வொரு வருடமும் கால் நாள் அளவு பின்தங்கி, லீப் வருடத்துக்குப் பிறகு மீண்டும் முன்னுக்கு வரும். கால் நாள் என்பது நிலத்தில் 120 மீட்டர். நான் கொடுத்த திகதிகளை அடுத்த வருடத்துக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.


கொச்சிக்கடைச்சிவம்
15 பெப்ரவரி, பிற்பகல் 4.40

இன்று சிவராத்திரி. கோயிலில் இரவு விழித்திருக்கப் போகும் முன்னர் ஒரு எண்ணம் வந்தது. சேரின் பட்டியலில் கொச்சிக்கடைக்கு பெப்ரவரி 18 என்றிருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. சிவனொளிபாதம் என்று நாம் அழைக்கும் மலைக்குப் பின்னால், சிவராத்திரியை ஒட்டிய நாட்களில், சிவன் கோயிலுக்கு நேரே சூரியன் எழுகிறது என்றால், இடத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் இதை அறிந்தே தெரிந்தெடுத்தார்கள் என்று நினைக்க இடமில்லையா? தற்செயல் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.


ஓய்வுக்கணிதம்
16 பெப்ரவரி, காலை 9.30

சிவம், நானும் விழித்திருந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே சைவப் பற்றில்லாதவன் என்று கோபிக்க வேண்டாம்.

மட்டக்குளி முதல் பாணந்துறை வரை கரையோரத்தின் ஒவ்வொரு கோயிலுக்கும், பள்ளிக்கும், தேவாலயத்துக்கும், தேநீர்க் கடைக்கும் அதற்கென்று ஒரு நாள் உண்டு என்பதை மேலே பார்த்தோம். எல்லாவற்றுக்கும் உண்டு என்றால், ஒன்றுக்கு இருப்பது அதன் தனிச் சிறப்பாகாது. அந்த நாள் சிவராத்திரியாக அமைய வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. ஆனால் சிவராத்திரி சந்திரனைப் பின்பற்றுவது. சென்ற வருடம் பெப்ரவரி 26, இவ்வருடம் பெப்ரவரி 15, அடுத்த வருடம் மார்ச் 6. அந்தந்த நாளுக்குரிய இடத்தைக் கணித்தால் சென்ற வருடம் காலிமுகத்திடலுக்குத் தெற்கே கொள்ளுப்பிட்டிப் பக்கம், இவ்வருடம் முகத்துவாரப் பக்கம், அடுத்த வருடம் வெள்ளவத்தை. ஒரு கட்டடத்தை இப்படி அலையும் நாளுக்கு நேராக நிறுத்த முடியாது. 'ஒட்டிய நாட்கள்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாள் வரை ஒட்டியது என்று ஏற்றுக்கொள்வோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு சொல்லக் கூடாது.

கோயில் கிழக்கு நோக்கியிருப்பதற்கு ஆகமம் போதிய காரணம். மலையை அதற்குள் இழுக்கத் தேவையில்லை.


கொச்சிக்கடைச்சிவம்
16 பெப்ரவரி, இரவு 8.00

ஏற்றுக்கொள்கிறேன், முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் சிவராத்திரிக்கு வெள்ளவத்தைக்கு வருகிறேன். பதினோராம் மாடிக்காரத் தம்பி கதவைத் திறந்தால் போதும்.


நல்லதண்ணிப்பாதை
23 பெப்ரவரி, இரவு 7.45

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துவிட்டு, வேண்டுமென்றே இன்றைய காலையைத் தெரிந்தெடுத்து மலைக்குப் போய் வந்தேன். நல்லதண்ணிப் பக்கமாக நள்ளிரவில் ஏறி நான்கரை மணிக்கு உச்சியில் இருந்தேன். டிசெம்பர் போயாவிலிருந்து வெசாக் வரையான யாத்திரைக் காலம் என்பதால் கடைசிப் படிகளில் நல்ல கூட்டம். சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்து 'சாது சாது' என்றும் 'அரோகரா' என்றும் குரல் கொடுத்தார்கள். சிங்கள யாத்திரிகர்கள் இதை 'இர சேவய' என்பார்கள். நான் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேற்குப் பக்கச் சுவருக்குப் போனேன்.

அங்கேதான் மலையின் நிழல் விழும். பள்ளத்தாக்குகளின் மேல் கிடந்த வெண்புகாரின் மீது, அடிமட்டத்தால் வரைந்தது போன்ற நேர்விளிம்புள்ள நீல முக்கோணம். எந்த மலையின் நிழலும் உச்சியிலிருந்து பார்க்கும்போது இப்படி முக்கோணமாகவே தெரியும் என்று படித்திருக்கிறேன். இரண்டு இணையான தண்டவாளங்கள் தூரத்தில் குவிவது போல, நீளமான நிழலின் விளிம்புகளும் தூரத்தில் குவிவதாகக் கண்ணுக்குப் படுகிறது. இன்று எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. காலிமுகத்திடலில் நிற்பவருக்கு சூரியன் மலை நுனிக்குப் பின்னால் இருக்கும் அதே கணத்தில், இந்த முக்கோணத்தின் கூர் காலிமுகத்திடலின் மேல் இருக்க வேண்டும் அல்லவா?


ஓய்வுக்கணிதம்
24 பெப்ரவரி, காலை 6.05

இருந்தே ஆக வேண்டும். மலை நுனியால் ஒருவருக்குச் சூரியன் மறைந்தால், அவர் அந்த நுனியின் நிழலில் நிற்கிறார் என்பதே பொருள். நேற்றுக் காலை நீங்கள் கண்ட நிழலின் கூர் முதலில் கடலின் மேல் வெகுதூரத்தில் இருந்து, சூரியன் ஏற ஏறச் சுருங்கிக் கொண்டே வந்து, 6.33 மணியளவில் காலிமுகத்திடலில் கரையேறி, பின்னர் நகரத்தைக் கடந்து உங்களை நோக்கி ஓடி வந்திருக்கும். கொழும்பில் எவரும் அதை உணர்ந்திருக்க மாட்டார்கள். சூரியனுக்கு அரைப் பாகை அகலம் இருப்பதால் அவ்வளவு தூரத்தில் நிழலின் கூர் கரைந்து போய், மெல்லிய மங்கலாக மட்டுமே மிஞ்சும். மேலும் காலிமுகத்திடலில் நிற்பவருக்குக் கிழக்கே கட்டடங்கள்தான் தெரியும். நாள் சரியாக இருந்தும் மலையைக் காண உயரமான மாடி ஒன்று வேண்டும்.

கடலில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2243 மீட்டர் உயரமான நுனியைக் கடல் மட்டத்திலிருந்து, வானம் தெளிந்திருந்தால், 170 கி.மீ.க்கு அப்பாலும் காணலாம் என்று கணக்குச் சொல்கிறது. 1344இல் இந்தத் தீவுக்கு வந்து மலையில் ஏறிய இபின் பதூதாவைப் போன்ற கடற்பயணிகள் கரையைக் காணும் முன்னரே மலையைக் கண்டிருப்பார்கள்.


வில்லைக்காரி
3 மார்ச், இரவு 9.50

தம்பியின் நாள் கிட்டி வருவதால் இரண்டு விடயங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கண். வில்லை வழியாகவோ தூரநோக்கி வழியாகவோ சூரியனை நேரே பார்க்க வேண்டாம். கமராவின் பின்திரையில் மட்டும் பாருங்கள். தொடுவானத்தில் சிவந்து தணிந்து தெரியும் சூரியன் ஒரு நிமிடத்திலேயே பொல்லாததாகிவிடும்.

இரண்டாவது, முதல் வெளிச்சம் எங்கே வெடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். மலை கூம்பாக இருப்பதால் சூரியன் அதன் நுனியில் முதலில் தோன்றாது. 71 கி.மீ. தூரத்தில் சூரிய வட்டம் 660 மீட்டர் அகலமான தட்டுக்குச் சமம். நுனிக்கருகில் மலை அதைவிட ஒடுக்கமானது. ஆகவே வட்டத்தின் மேல்விளிம்பு நுனியை எட்டும் முன்னரே இரு தோள்களிலும் ஒளி பொறித்துவிடும். நீங்கள் சரியான கோட்டில் நின்றால் இரண்டு தோள்களிலும் ஒன்றாகப் பொறிக்கும். இடது தோளில் முதலில் பொறித்தால் நீங்கள் இன்னும் தெற்கே போயிருக்க வேண்டும். வலது தோளில் என்றால் வடக்கே.


பதினோராம்மாடி
7 மார்ச், காலை 7.10

நேற்று, அதாவது சேர் குறித்துக் கொடுத்த 6ஆம் திகதி, கிழக்கு முழுவதும் முகில். மலையும் இல்லை, சூரியனும் இல்லை. ஏழு மணிக்கு முகிலுக்கு மேலே எதுவும் நடக்காதது போல எழுந்து வந்தது.

இன்று மலை தெரிந்தது, ஆனால் ஜனவரியில் கண்டது போல இல்லை. நனைந்த சுவரில் பென்சிலால் கீறியது போல மங்கலாக இருந்தது. 6.27க்குப் பின் இடது தோளில் ஒளி பொறித்தது. வலது தோளில் ஒளி வர வெகுநேரம் எடுத்தது, அதற்குள் கண் கூசத் தொடங்கிவிட்டது. சேர் சொன்னது போலவே சூரியன் இடப்பக்கம் தள்ளியிருந்தது. அக்காவின் விதிப்படி நான் தெற்கே போயிருக்க வேண்டும். நாளைக் காலை ஞாயிற்றுக்கிழமை. எவ்வளவு தூரம் போக வேண்டும் சேர்?


ஓய்வுக்கணிதம்
7 மார்ச், காலை 7.40

இன்றைக்கே 0.25 பாகை இடப்பக்கம். நாளை அதோடு 0.39 சேரும். மொத்தம் 0.64 பாகை, நிலத்தில் 790 மீட்டர். வெள்ளவத்தையின் தென்கோடியில், தெகிவளை தொடங்குவதற்குச் சற்று முன்னர், கூரைக்கு ஏற விடும் வீடு ஒன்றைத் தேடுங்கள். கடற்கரைக்கு எவ்வளவு கிட்ட என்பது முக்கியமில்லை. நேரம் 6.28.


வில்லைக்காரி
7 மார்ச், காலை 8.05

என் தோழி ஒருத்தியின் வீடு அங்கேதான் இருக்கிறது, ஐந்து மாடி. மேல்மாடித் திறப்பை வாங்கி வைக்கிறேன். ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுங்கள். கீழே நாய் கட்டியிருக்கும், பயப்பட வேண்டாம்.


பதினோராம்மாடி
8 மார்ச், காலை 9.20

அக்காவும் அவருடைய தோழியும் நானும் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றோம். ஆறு மணிக்கு மலை தெரியவில்லை. ஆறேகாலுக்கும் தெரியவில்லை; கிழக்கில் சாம்பல் நிறப் புகார் சுவர் போல நின்றது. தோழி தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, 'இன்றைக்குச் சரிவராது போல' என்றார்.

6.27க்குப் புகாருக்குள் செம்பு நிறமாக இரண்டு சிறு கீறல்கள் தோன்றின. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. சற்று நேரத்தில் அவை மேலே வளர்ந்து ஒன்றாகச் சேர்ந்தபோதுதான், நடுவில் இருந்த அந்த இருட்டுத்தான் மலை என்பது விளங்கியது. செம்பு வட்டத்தின் அடியில் ஒரு முக்கோணம் வெட்டப்பட்டிருந்தது. மலையின் மற்றப் பாகம் எதுவும் தெரியவில்லை. சூரியனுக்குள் இருந்த பாகம் மட்டுமே மலையாக இருந்தது. அக்கா கமராவை அமுக்கிக்கொண்டே இருந்தார். இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட நீடித்தது. வட்டம் நுனியை விட்டு மேலே போனதும் மலை மறுபடியும் புகாருக்குள் போய்விட்டது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். நுனி வட்டத்தின் நடுவிலிருந்து மிகச் சற்று இடப்பக்கம், வட்டத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்களவு.


ஓய்வுக்கணிதம்
8 மார்ச், காலை 9.45

பத்தில் ஒரு பங்கு என்றால் 0.05 பாகை, 65 மீட்டர். நீங்கள் அவ்வளவு தெற்கே கூடுதலாகப் போய்விட்டீர்கள். அந்த வீட்டின் அகலக்கோட்டை எனக்குத் தனியாக அனுப்புங்கள், நான் சரிபார்க்க வேண்டும். சூரியன் திரும்பித் தெற்கே வரும்போது அதே கூரைக்கு ஒக்டோபர் 6, காலை 6.06. இடைப்பருவ மழைக்காலம் என்பதால் முகில் இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் திறப்பை முன்னரே கேட்டு வையுங்கள்.